நல்லா செஞ்சாரு

ஜஹீரா ஒரு மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்கும் விதமே தனி. நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, மோட்டாரின் முதுகில் பேரிங் இருக்கும் இடமாகப் பார்த்து அதன் முனையை ஊன்றுவாள். முக்காட்டை ஒரு விரலால் காதுக்குப் பின்னே ஒதுக்கிவிட்டு, பிடியை இடது காதின் துளைக்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்ன மேட்டில் அழுத்திக்கொள்வாள். கண்ணை மூட மாட்டாள். கண் பாட்டுக்கு முடிச்சூர் ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோவையும் தண்ணீர் லாரியையும் பார்த்துக்கொண்டிருக்கும். மூச்சு மட்டும் நின்றிருக்கும். இரும்புக்குள் எது உருள்கிறது, எது உரசுகிறது என்று ஸ்க்ரூ டிரைவர் வழியாக ஏறி வருவதைக் கேட்டு முடித்ததும் மூச்சை விட்டு, "ஓடுது" என்பாள்.

"சரியாயிடுச்சாக்கா?"

"ஓடுதுன்னு சொன்னேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தான் கட்டிய காயிலைத் தானே பாராட்டிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவள் ஒன்றைப் பாராட்டினால் அதில் ஏதோ கோளாறு என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். கணவர் அக்தர் போடுகிற டீயைக் குடித்துவிட்டு, "அருமை பாய், ஊர்ல சர்க்கர கெடைக்கலியா?" என்பாள். சிமெண்டுக் கடை தயாளன் வீட்டுக் கல்யாணத்தில் "சுமாரா கீது" என்று சொல்லிக்கொண்டே பிரியாணியை இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பிடித்துவிட்டால் வைவாள், எரிச்சல் வந்தால் புகழ்வாள். புகழும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பாள். பழகியவர்களுக்கு அந்த இழுப்பு போதும்.

பல்லாவரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். மகள் நிகத் கைக்குழந்தையாக இருந்தபோது கடையில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அக்தரிடம் காயில் கட்டக் கற்றுக்கொண்டாள். போர்வெல்லில் இருந்து மோட்டாரை உருவுவது, திரும்ப இறக்குவது எல்லாம் அக்தர் பாடு. கடையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றுவது, வார்னிஷில் முக்குவது, காய வைப்பது ஜஹீரா பாடு. போர்டில் "அக்தர் மோட்டார் ஒர்க்ஸ்" என்று இருந்தாலும் ஊர் அதைப் பாயம்மா கடை என்றுதான் சொல்லும்.

2015 வெள்ளத்தில் கடை கூரைவரை முங்கிப்போனது. தண்ணீர் வடிந்ததும் சேற்றோடு சேறாக மோட்டார்கள் வந்து குவிந்தன. அப்படி ஒரு வியாபாரத்தை அந்தக் கடை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "இந்த வேல எதிரிக்கும் வரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே சேற்றைக் கழுவினாள். அதன் பிறகு மழைக்காலம் வந்தாலே தெருவில் யாராவது ஒருவர், "மேகம் கட்டுது, பாயம்மாவுக்குத் தீபாவளிதான்" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள். அப்போது அது வெறும் கிண்டல்.

தெருவின் பின்னால் ஏரியின் உபரித் தண்ணீர் போகிற கால்வாய். கால்வாய் என்று சொல்வது பழைய நினைப்பில்தான். பாதி அகலத்துக்கு மண் கொட்டி மேடாக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை வரிசையாக நட்டு, "ஏரிக்காற்று வீசும் வீட்டுமனைகள்" என்று பலகை வைத்திருந்தார்கள். பலகையில் யார் பெயரும் இல்லை. யாருடையது என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே திசையில்தான் கையைக் காட்டுவார்கள்: ஏகநாதன். கட்சியில் அந்த வட்டாரத்துக்கு அவர்தான் எல்லாம். கால்வாயைத் தூர் வாருவேன் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொன்னவரும் அவர்தான். அவர் கை கூப்பி வணக்கம் வைத்தால் பதிலுக்குக் கும்பிடுவதற்கு முன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஊர் அது. ஆனாலும் எதிரே வந்தால் கும்பிடத்தான் செய்வார்கள்.

போன வருஷம் மழை முடிந்ததும், கால்வாயை அளந்து எல்லை குறிக்கவேண்டும் என்று நலச்சங்கத்தின் பெயரில் மனு ஒன்று போனது. சங்கத்துக்குத் தலைவர் தயாளன். அந்தக் காலத்தில் அங்கே நெல் விளைவித்த குடும்பம், இப்போது சிமெண்டும் கம்பியும் விற்கிறார். ஆனால் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் ஜஹீரா. முதல் கையெழுத்தும் அவளுடையதுதான். அலைந்து அலைந்து கடைசியில், வருகிற வியாழக்கிழமை தாசில்தாரே நேரில் வந்து அளப்பார் என்று பதில் வந்தது. தெருவின் சார்பில் பேசப்போவது அவள்தான் என்று முடிவாகியிருந்தது.

அதற்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஏகநாதன் பார்வையிட வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, பின்னால் ஒருவர் குடை பிடிக்க, கூடவே ஒரு யூடியூப் சேனலின் மைக்கும் கேமராவும். மைக்கைப் பிடித்திருந்தவன் இரும்புலியூர்ப் பையன் காலேப். ஏகநாதன் தெருமுனையில் யாருக்கோ போர்வை கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், காலேப் மோட்டார் கடைக்குள் எட்டிப் பார்த்தான்.

ஜஹீரா அப்போதுதான் ஒரு காயிலை வார்னிஷில் முக்கி எடுத்திருந்தாள். அந்த நெடி எப்பேர்ப்பட்டவர் கண்ணையும் கலக்கிவிடும்.

"அக்கா, ஏகநாதன் அண்ணன் இந்த ஏரியாவுக்கு என்னெல்லாம் செஞ்சிருக்காரு? ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா."

கையெல்லாம் வார்னிஷ். மணிக்கட்டின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜஹீரா சொன்னாள்:

"செஞ்சாரே! நல்லா செஞ்சாரு. வெச்சி செஞ்சாரு. தண்ணி போற கால்வாய் மேல கல்லு நட்டு பிளாட்டு போட்டதும் அவருதான். அந்தத் தண்ணி எங்க வூட்டுக்குள்ள வந்தப்போ போட்டுல ஏறி வந்து போட்டோ புடிச்சிகினு போனதும் அவருதான். வேற யாருக்கு வரும் இந்த மனசு?"

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த செல்லியம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள். பக்கத்து டீக்கடைக்கு வந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். காலேப்பும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனான்.

சாயங்காலம் நிகத் பொத்தேரியில் காலேஜ் முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள்.

"ம்மா, இது நீதானா?"

ஜஹீராதான். கண் சிவந்து, மணிக்கட்டால் துடைத்துக்கொள்கிற ஜஹீரா. பின்னணியில் ஒரு வயலின் உருகுகிறது. "செஞ்சாரே! நல்லா செஞ்சாரு..." அங்கே ஒரு வெட்டு. ஏகநாதன் போர்வை கொடுக்கிற காட்சி. திரும்ப ஜஹீரா. "வேற யாருக்கு வரும் இந்த மனசு?" கீழே கொட்டை எழுத்தில்: கண்ணீர் மல்க நன்றி சொன்ன முடிச்சூர்ப் பெண்!

ஜஹீராவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நான் அழுவுறனா? அது வார்னிஷ்டீ."

அக்தர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் அழுதுகிற. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"வாய மூடு பாய்."

மறுநாள் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னதை முழுதாகக் கேட்டவர்கள் நாலைந்து பேர். வெட்டியதைப் பார்த்தது ஊர் முழுக்க. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மோட்டாரைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு போனார் ஒருவர். காரணம் சொல்லவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் பேச்சு நின்று, அவள் தாண்டிப் போனதும் தொடர்ந்தது. "பாயம்மாவுக்கு எதுக்கய்யா கால்வாய் வேணும்? மழ வந்தா யாருக்கு லாபம்னு யோசிச்சுப் பாரு" என்றது ஒரு குரல். பழைய தீபாவளிக் கிண்டல்தான். இப்போது சிரிப்பு இல்லாமல் சொன்னார்கள்.

செல்லியம்மாள் தெருத்தெருவாகப் போய்ச் சண்டை போட்டாள். "நான் பக்கத்துலதாண்டா குந்தினு இருந்தேன்! அவ காறித் துப்பினாடா அந்தாள!"

"உன் எதிர்ல துப்பியிருப்பாங்க. நீ போனப்புறம் தனியா ஒண்ணு எடுத்திருப்பாங்க" என்று பதில் வந்தது.

ஜஹீரா காலேப்புக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் முழுசாத்தான்க்கா குடுத்தேன். எடிட்டிங்ல..."

"அந்த முழுச எனக்கு அனுப்பு."

"அழிச்சிட்டாங்கக்கா. நான் ஏதாவது வாயத் தொறந்தா வேல போயிடும். வூட்ல அம்மாவுக்கு உடம்பு முடியல."

அவனிடம் கோபப்பட அவளால் முடியவில்லை. "சரி, உன் வேல ஓடட்டும்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்து ஃப்ளெக்ஸ் வந்தது. மெயின் ரோடு திருப்பத்தில் ஏகநாதன் ஆளுயரத்துக்குக் கை கூப்பி நிற்க, பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் ஜஹீராவின் கலங்கிய கண். பைப்பு கட்டிய டி.வி.எஸ்.ஸில் அந்த வழியாக வந்த அக்தர், கடைக்கு வந்து சாவியை மேஜையில் போட்டார். "நம்ம நிக்காஹுக்குக்கூட உன்ன அவ்ளோ பெரிசா போட்டோ புடிக்கல" என்றார். வழக்கம்போல் ஏதாவது திருப்பிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கம்பி சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம் தயாளன் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தப்பா நெனைக்காதம்மா. வியாழக்கிழம நீ முன்னால நிக்க வேணாம். நான் பேசிக்கிறேன்."

"நீங்களும் நம்புறீங்களாண்ணா?"

தயாளன் ரோட்டைப் பார்த்தார். "நான் நம்புறனா இல்லியான்றது வேற. இந்த ஊர்ல அவன் வாங்காத ஆளு யாரு, சொல்லு? போன எலெக்ஷன்ல என் சொந்த மச்சான், கூடவே சாப்புட்டு கூடவே திரிஞ்சவன், காலைல எழுந்து பாத்தா அவன் கட்சித் துண்டப் போட்டுகினு நிக்கிறான். அதுக்கப்புறம் எனக்கு யாரையும் நம்ப வரலம்மா. அவன் பேரு ஒட்டினாலே பயமா கீது."

"அவன் மேல நம்பிக்க இல்லன்னு சொல்லுங்க, சரி. அவன் போட்ட வீடியோவ மட்டும் எப்படி நம்பினீங்க?"

தயாளன் கையை அசைத்துத் தள்ளினார். "அது கெடக்கட்டும். விஷயம் இன்னான்னா, அவன் ஆளுங்க தாசில்தார்கிட்ட அந்த வீடியோவத்தான் காட்டப்போறாங்க. மனு குடுத்த அம்மாவே நன்றி சொல்லிட்டாங்க, இனிமே எதுக்கு அளக்கணும்னு கேப்பாங்க. அவரு வண்டியத் திருப்பிகினு போயிடுவாரு. அப்புறம் அந்தக் கல்லு மேல வூடு எழும்பும். வூடு வந்துட்டா யாராலயும் எதுவும் புடுங்க முடியாது."

அவர் போன பிறகும் ஜஹீரா கம்பியைத் தொடவில்லை. தன் பெயர் கெட்டது ஒருபுறம். தன் வாயிலிருந்து வந்த வார்த்தையே கால்வாயை மூடப்போகிறது என்பதுதான் உறுத்தியது.

"மறுப்பு வீடியோ போடலாம்மா" என்றாள் நிகத். போட்டார்கள். அதாவது எடுத்துப் பார்த்தார்கள். கேமராவைக் கண்டதும் ஜஹீராவின் குரல் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி ஆகிவிட்டது. "வணக்கம். என் பெயர் ஜஹீரா. நான் கூறியது யாதெனில்..."

நிகத் சிரித்துவிட்டாள். "யாதெனிலா?"

"அழி அத. பாத்தா எனக்கே நம்பிக்க வரல. அந்தக் கட்சிக்காரன்கிட்ட வாங்கிட்டு அப்படிப் பேசினா, இந்தக் கட்சிக்காரன்கிட்ட வாங்கிட்டு இப்படிப் பேசறான்னுவாங்க."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஜஹீரா கால்வாய்ப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நடந்தாள், நிகத்தும் கூட வந்தாள். மண்மேட்டைச் சுற்றித் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி நின்றது. மஞ்சள் கற்கள் வரிசையாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. "ஏரிக்காற்று வீசும் வீட்டுமனைகள்" பலகை பாதி முங்கி, "ஏரிக்காற்று வீசும்" மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மெதுவாகச் சுற்றி வந்து அதன்மேல் முட்டியது.

பின்னால் நின்ற நிகத்தின் போனில் அந்த வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. அவள் காலேஜ் குழுவில் யாரோ திரும்பவும் போட்டிருந்தார்கள். நிகத் அவசரமாக நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாத" என்றாள் ஜஹீரா. தண்ணீரைப் பார்த்தபடியே நின்றாள்.

செஞ்சாரே! நல்லா செஞ்சாரு...

"இன்னொரு வாட்டி போடு."

வயலின் அழுதது. வேற யாருக்கு வரும் இந்த மனசு?

முகத்தைப் பார்க்காமல், அந்தக் கற்களையும் முங்கின பலகையையும் பார்த்துக்கொண்டு கேட்டபோது அது நன்றியாக இல்லை. அந்த 'செஞ்சாரு'வில் 'ரு' எவ்வளவு தூரம் இழுபட்டிருந்தது என்பது இப்போதுதான் கேட்டது. கலங்கின கண்ணும் போர்வையும் அதை மறைத்துவிட்டிருந்தன.

"வார்த்தைய வெட்டிட்டானுங்க" என்றாள் ஜஹீரா. முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்தது. "இழுப்ப வெட்ட மறந்துட்டானுங்கடீ."

நிகத்துக்கு உடனே புரிந்துவிட்டது. "ம்மா! படத்த மட்டும் மாத்திடலாமா?"

"என் மூஞ்சி வேணாம். இந்தத் தண்ணிய எடு. கல்ல எடு. அந்தப் பலகைய நல்லாக் காட்டு. குரல் மட்டும் அவங்க போட்டதே இருக்கட்டும்."

"வயலின எடுத்துடவா?"

"எதுக்கு? பாவம், காசு குடுத்து போட்டிருப்பாங்க."

அங்கேயே நின்று எடுத்தார்கள். மஞ்சள் கற்கள் மேல் மெதுவாகக் கேமரா நகர, "செஞ்சாரே! நல்லா செஞ்சாரு..." என்கிறது குரல். பலகை. சுற்றுகிற நாற்காலி. வயலின் உருகுகிறது. "வேற யாருக்கு வரும் இந்த மனசு?" என்கிறபோது நாற்காலி பலகையில் முட்டி நிற்கிறது. அவ்வளவுதான். தலைப்பு இல்லை, பெயர் இல்லை. ஜஹீரா ஒரு புது வார்த்தைகூடப் பேசவில்லை.

தெருக் குழுவில் நிகத் அதைப் போட்டாள். முதலில் செல்லியம்மாளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அதில் பேச்சே இல்லை, முழுக்கச் சிரிப்பு. தொடர்ந்து ஒவ்வொருவராக. தெருவில் மூன்றாம் வீட்டு தேவதர்ஷினி தன் வீட்டு வாசலில் தேங்கின தண்ணீரைக் காட்டி, அதே குரலை மேலே போட்டு ஒன்று அனுப்பினாள். அதற்குள் அது தெருவைத் தாண்டிவிட்டது. எரியாத விளக்குக் கம்பம்: நல்லா செஞ்சாரு. சுரங்கப்பாதையில் பாதி முங்கின பஸ்: வேற யாருக்கு வரும் இந்த மனசு? பொத்தேரி ஹாஸ்டல் பையன்கள் தண்ணிச் சாம்பாருக்கு அதைப் போட்டார்கள். தாம்பரம் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள் பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் ஒரே குரலில் "செஞ்சாரே!" என்று கத்தினார்கள், பின்சீட்டிலிருந்து யாராவது "நல்லா செஞ்சாரூ" என்று முடித்தார்கள். இழுப்போடுதான்.

மறுப்புச் சொல்லவும் ஏகநாதன் ஆட்களுக்கு வழியில்லை. குரல் அவர்கள் வெளியிட்டது. வெட்டு அவர்கள் வெட்டியது. சேனல் வீடியோவை எடுத்துவிட்டது. மெயின் ரோட்டுத் திருப்பத்தில் இருந்த ஃப்ளெக்ஸ் ஒருநாள் காலையில் காணோம்; சட்டம் மட்டும் நின்றது.

வியாழக்கிழமை தாசில்தார் வந்தார். பெயர் வேதசிரோமணி, தூத்துக்குடிப் பக்கம், மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. கால்வாய்க் கரையில் ஊர் கூடியிருந்தது. ஜஹீரா பின்வரிசையில், வேண்டுமென்றே பின்னால்தான் நின்றாள். ஏகநாதனின் கார் சற்றுத் தள்ளி நின்றது; கண்ணாடி ஏற்றியிருந்தது. அவர் ஆள் ஒருவன் பைலோடு முன்னால் வந்தான். ஊரில் நடந்தது எதுவும் தன்னைத் தொடாத மாதிரி ஒரு முகம்.

"சார், மனு குடுத்தவங்களுக்கே இப்ப எந்தக் குறையும் இல்ல. அவங்க வாயால சொன்னது சார், நீங்களே கேளுங்க." சேமித்து வைத்திருந்த பழைய வீடியோவை ஓட்டினான்.

செஞ்சாரே! நல்லா செஞ்சாரு...

கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அவன் சத்தத்தைக் கூட்டினான். "வேற யாருக்கு வரும்" என்று போன் சொல்ல, "இந்த மனசூ" என்று ஊரே முடித்துவைத்தது. கையில் அளவுச் சங்கிலியோடு நின்ற சர்வேயர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

தாசில்தாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்துக்குச் சிரிக்கிய? அந்தம்மா நல்ல விதமாத்தான சொல்லுதாங்க?"

"சார்" என்று செல்லியம்மாள் கூடையோடு முன்னே வந்தாள். "எங்க ஊர்ல ஒருத்தன் ஒருத்தன நல்லா செஞ்சிட்டான்னா அது வேற கத சார். நீங்க புதுசு, போகப் போகத் தெரிஞ்சிடும். உங்களையும் செய்வாங்க."

தாசில்தார் சிரிக்கவில்லை. ஆனால் பைல்காரனைப் பார்த்த பார்வை மாறியது. "மனு குடுத்தவங்க யாரு?"

தயாளன் திரும்பினார். கூட்டத்தில் தேடினார். "ஜஹீரா, முன்னால வாம்மா. நீயே சொல்லு" என்றார். வழி விட்டார்கள். ரேஷன் கடையில் பேசின குரலும் வழி விட்டது.

ஜஹீரா முன்னே வந்தாள். இந்தத் தரம் யாதெனில் எல்லாம் வரவில்லை.

"சார், அதுல கீறது என் குரல்தான். நடுவுல நான் சொன்னத எடுத்துட்டாங்க. எடுத்தத மட்டும் இப்ப சொல்றேன், கேட்டுக்கங்க. தண்ணி போற கால்வாய் மேல கல்லு நட்டாங்க, அதோ அந்தக் கல்லு. அந்தத் தண்ணி எங்க வூட்டுக்குள்ள வந்துச்சு, அதோ அந்த வூடு. நான் நன்றி சொல்ல வரல சார். அளந்து காட்டுங்கன்னு கேக்க வந்தேன்."

ஏகநாதன் காரைவிட்டு இறங்கினார். கை கூப்பிக்கொண்டே வந்தார். "என்ன ஜஹீராம்மா, நமக்குள்ள இதெல்லாம்... ஒரு வார்த்த எங்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்கள நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே" என்றாள் ஜஹீரா. "நல்லா செஞ்சீங்கன்னுதானே சொன்னேன்."

அதற்குமேல் அங்கே யாரும் பேசிக் கேட்கவில்லை. சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. தாசில்தார் சர்வேயருக்குக் கையைக் காட்டினார். சங்கிலி தண்ணீருக்குள் இறங்கியது. மஞ்சள் கற்களைத் தாண்டி, பலகையைத் தாண்டி, மண்மேட்டின் அந்தப் பக்கம் போய் நின்றது. அங்கே சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார்கள்.

கோடு போட்டதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மனை வாங்கினவர்கள் என்று இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். கற்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. ஆனால் மேட்டின் ஒரு பக்கத்தை இயந்திரம் வந்து வெட்டிவிட்டது, டிசம்பர் மழையில் தண்ணீர் அந்த வழியாக ஓடியது. தெருவுக்குள் வரவில்லை. கடையில் வியாபாரம் அந்த மாதம் மந்தம்தான். "அருமையான சீசன்" என்று அக்தர் சலித்துக்கொண்டபோது, "வாய மூடு பாய்" என்றாள் ஜஹீரா. இழுப்பு இல்லாமல், சந்தோஷமாக.

தயாளன் தன் வீட்டு மோட்டாரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கடையில் வைத்தார்.

"எங்க மேல ரொம்ப நம்பிக்க வெச்சீங்கண்ணா" என்றாள் ஜஹீரா, மோட்டாரைத் திறந்துகொண்டே. "மறக்க மாட்டேன்."

"வையிம்மா, நல்லா வையி" என்று சொல்லி அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டீ வந்தது.

பொங்கல் சமயத்தில்தான் செல்லியம்மாள் ஒரு சங்கதியை வாய் தவறிச் சொன்னாள். தெருக் குழுவில் வந்த அந்த வீடியோவை அவள் அனுப்பியது ஒரே ஒருவருக்குத்தான்: தாம்பரம் பள்ளிக்கூடத்தில் தன் பக்கத்தில் உட்கார்ந்து படித்த, இதே ஊர்ப் பேச்சு பேசுகிற சாவித்ரிக்கு. சாவித்ரி அதை ஒரு எழுத்துகூட எழுதாமல் அப்படியே கட்சி மகளிர் அணியின் குழுவில் போட்டுவிட்டாள். அங்கிருந்துதான் அது ஊர் ஊராகப் போனது. சாவித்ரி, ஏகநாதனின் மனைவி.